தாங்கும் இருக்கை

ஒரு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.

என் மகள் பிறந்த நான்காம் நாள், ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் இருக்கும் கடையில், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு, இந்தத் தொகைக்கு நான் கடனாளி ஆனேன். வீடு வாங்கவில்லை. நகை வாங்கவில்லை. பிள்ளையை வண்டியில் உட்கார வைக்க ஓர் இருக்கை வாங்கினேன்.

இதைப் படிக்கிற உங்கள் வண்டியில் எந்த இருக்கை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் உங்களோடு பேசுவேனா என்பதும் சந்தேகம்தான்.

என் பெயர் சூசைமிக்கேல். தூத்துக்குடித் துறைமுகத்தில் பெல்ட் கட்டும் வேலை. கப்பலில் ஏற்றிய சரக்கு அலையில் ஆடாமல், சரியாமல் இருக்க, நாடாவைச் சுற்றிப் போட்டு இறுக்க வேண்டும். தூக்குவது, நகர்த்துவது, எண்ணுவது எல்லாவற்றையும் இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தப் பெல்ட்டைப் பற்சக்கரத்தில் இன்னும் ஒரு பல் இறுக்கலாமா, இறுக்கினால் அறுந்துவிடுமா என்று கையை வைத்துச் சொல்வது மட்டும் அதற்கு வரவில்லை. அது வரும்வரை எங்களை வைத்திருப்பார்கள்.

அந்த வருடம் நான்குவழிச் சாலையில் மனிதன் ஓட்டும் வண்டிக்கு இடமில்லை என்று ஆகியிருந்தது. எல்லாம் தானோடி. ஆட்டோ போக முடியாது, பைக் போக முடியாது, பஸ்ஸில் கைக்குழந்தையை ஏற்ற மாட்டார்கள். பதிவு செய்த இருக்கை இல்லாமல் பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட விட மாட்டார்கள். வாடகைத் தானோடியும் நாம் கொண்டுபோகும் இருக்கையை மாட்டிப் பூட்டினால்தான் கிளம்பும்.

எங்களுக்கு இன்னொரு தலைவலி. பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. மாதம் ஒரு தடவை பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், ஆறு மாதம் ஆனதும் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது மாதாமாதம் அந்தச் சாலையில் போய்த்தான் ஆக வேண்டும்.

கடையில் இருந்தவன் பெயர் கிஷோர். சட்டைப் பையில் பெயரைக் குத்தியிருந்தான். என் லுங்கியைப் பார்த்தான், கால் விரலைப் பார்த்தான், ஓரத்தில் அடுக்கியிருந்த வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"அண்ணாச்சி, உங்களுக்கு இது. அரசாங்கம் குடுக்குறது. காசு கிடையாது. ஆதாரைக் காட்டுங்க, எடுத்துட்டுப் போய்ட்டே இருங்க."

அதன் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். என் அரைஞாண் கயிறு அதைவிடத் தடிமன்.

"ஏன் தம்பி, பிள்ளையைக் கட்டவா இது, முருங்கைக்காயைக் கட்டவா?"

"அதெல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் குடுக்காங்க."

"அது என்னது, கண்ணாடிக்குள்ள இருக்கே?"

"அது அஞ்சு ஸ்டார் அண்ணாச்சி. உங்களுக்கு ஒத்து வராது."

ஒத்து வராது என்றானே, அதில்தான் நான் விழுந்தேன். எடுக்கச் சொன்னேன். எடுத்து வைத்தான். கறுப்பு நிறம், ஒரு ஆட்டுக்குட்டி எடை. நாடாவை விரலில் சுற்றி இழுத்தேன். தையலை நகத்தால் கீறிப் பார்த்தேன், நான்கு வரிசை, நூல் பிசிறவில்லை. கொக்கியை மாட்டி முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கினேன். காற்றாலை இறக்கையைக் கட்டுகிற பெல்ட்டுக்கு இருக்கிற பிடி அதற்கு இருந்தது. இருபது வருடமாக நான் செய்கிற வேலை இது. கட்டு என்று பார்த்தால் அதைப்போல ஒரு கட்டை நான் பார்த்ததில்லை.

"பெரிய பெரிய டாக்டருங்க, ஆபீசருங்க எல்லாம் இதைத்தான் வாங்குவாங்க, என்ன?"

கிஷோர் வாயைத் திறந்தான், மூடினான், பிறகு சிரித்தான். "இது ரொம்ப வலுவானது அண்ணாச்சி. லாரியே வந்து மோதினாலும் உள்ள இருக்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. அதை மட்டும் நான் எழுதியே தாரேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்றுவரை என்னை எரிக்கிறது.

மாதம் நாலாயிரத்து எண்ணூற்றுப் பத்து, முப்பத்தாறு தவணை. பதினான்கு பக்கக் காகிதத்தைத் தள்ளினான். "கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்டபோது அவன் கண் சுவரில் இருந்த கடிகாரத்தில் இருந்தது.

முப்பத்தெட்டாவது வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டிடத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவன் நான். மைப்பெட்டியை அவன் திறக்கும் முன்பே பேனாவைப் பிடுங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் சூ. மிக்கேல், சூ. மிக்கேல் என்று போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாம் பக்கத்தில் நிறுத்திக் கொஞ்சம் வாசிக்கப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, வாசிச்சு முடிக்கதுக்குள்ள பிள்ளை ஸ்கூலுக்குப் போயிரும்," என்றான்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மீதி ஆறு பக்கத்திலும் வேகமாகப் போட்டுக் கொடுத்தேன்.

முதல் இரண்டு பயணம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டாவது தடவை திரும்பும்போது என் பெண்டாட்டி பிரகாசி கேட்டாள்.

"நம்ம வண்டி ஏன் எப்பவும் லாரிக்குப் பக்கத்துலயே ஓடுது?"

"ரோடுன்னா லாரி இருக்கத்தான் செய்யும்."

"இல்ல. போன தடவையும் பாத்தேன். அந்தா அங்க எடம் கெடக்கு. போவ மாட்டேங்குது. கேஸ் லாரி போனா அது கூடயே போவுது. அது நின்னா இதுவும் நிக்குது."

நானும் பார்த்தேன். உண்மைதான். எங்களுக்கு அந்தப் பக்கம் சொகுசு வண்டிகள் வரிசையாகப் போயின. லாரிக்கும் அவற்றுக்கும் நடுவில் நாங்கள். வாடகை குறைந்த வண்டி, அதனால் அப்படி ஓட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பேசாமல் வா என்று அவளை அதட்டினேன்.

மூன்றாவது பயணத்தில், வல்லநாடு தாண்டியதும், முன்னால் போன உப்பு லாரியின் டயர் வெடித்தது. ஆளில்லா லாரி. அதன் பின்பக்கம் அப்படியே வலது பக்கமாக வீசியது. எங்களுக்கு வலப்புறம், சற்றுப் பின்னால், ஒரு பெரிய வெள்ளை வண்டி வந்துகொண்டிருந்தது. அடி அதற்குத்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் பிரேக் போட்டிருந்தால் எங்கள் மேல் உப்புகூடச் சிதறியிருக்காது.

எங்கள் வண்டி பிரேக் போடவில்லை. வேகத்தைக் கூட்டியது. லாரிக்கும் அந்த வெள்ளை வண்டிக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொண்டது.

சத்தம் அடங்கியதும் முதலில் பிள்ளையைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் வழிந்த பால்கூடக் கலையவில்லை. அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பிரகாசியின் தோள் கீழே இறங்கித் தொங்கியது. பிள்ளைக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால்தான் தானோடி கிளம்பும், அது விதி.

வெள்ளை வண்டியில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி இறங்கியது. பட்டுப்புடவை கட்டிய பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லம்மா. ஆனா என் வீட்டுக்காரிக்கு..."

"குழந்தைக்கு ஆகாது. உங்களோடது நல்ல சீட்டு," என்றாள். கண்ணாடி ஏறியது.

ஏறுவதற்குள் உள்ளே பார்த்துவிட்டேன். ஐம்பது லட்சம் பெறும் வண்டி. அதன் பின்பக்கத்தில், தோல் மெத்தையின் மேல், ஒரு கைக்குழந்தை அரசாங்கத்தின் வெள்ளை டப்பாவில் படுத்திருந்தது.

பிரகாசிக்குக் கட்டுப் போட்டு வீட்டில் விட்டபின் வேலைக்குப் போனேன். என் மனதில் அந்த வெள்ளை டப்பாதான். எங்கள் கூட்டத்தில் அதை எடுத்தவன் வேம்படி ஒருவன்தான். என்னோடு பெல்ட்டின் மறுமுனையைப் பிடிக்கிறவன். அவன் பையன் என் மகளுக்கு இரண்டு மாதம் மூத்தவன். நான் அஞ்சு ஸ்டார் வாங்கிய மறுவாரம், கேன்டீனில் எல்லோர் முன்பும் அவனைக் கேட்டிருந்தேன், "பிள்ளையை உக்கார வைக்கவா, பிள்ளைக்குக் கால் கழுவவா வே உம்ம டப்பா?" என்று. அதே கேன்டீனில் அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"வேம்படி, அந்த அஞ்சு ஸ்டாரைப் பத்தி உமக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும்வே."

"என்ன தெரியும்?"

"பதினோராம் பக்கம்."

"வாசிக்கத் தெரியாத உமக்குப் பதினோராம் பக்கம் எப்படிவே தெரியும்?"

"வாசிக்கத் தெரியாததாலதான் தெரியும்." டீயை ஊதினான். "நானும் அதைத்தான் வாங்கப் போனேன். பெருவிரலை நீட்டுனேன். அந்தப் பயலுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. கைநாட்டுன்னா கேமராவைப் போட்டுட்டு, பதினாலு பக்கத்தையும் சத்தமா வாசிக்கணுமாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் புரிஞ்சுதுன்னு என் வாயால சொல்லணுமாம். சட்டம். முக்கா மணி நேரம் வாசிச்சான். பதினோராம் பக்கம் வந்ததும், 'தம்பி, அதைத் திருப்பி வாசி'ன்னேன். வாசிச்சான். 'இன்னொருக்கா'ன்னேன். அப்புறம் எந்திரிச்சு வெள்ளை டப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"என்னவே போட்டிருந்தது அதுல?"

"உம்ம சீட்டு வலுவான சீட்டு. அதனால மோதணும்னு வந்தா உம்ம வண்டிய மோத விடுவாங்க. அதான்."

"இதை ஏன்வே எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். கால் கழுவுத டப்பான்னீரு. எல்லாவனும் சிரிச்சான்."

"அதுக்கு? பிள்ளை விசயம்வே இது!"

"நாலெழுத்து படிச்ச மனுசன். வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பீருன்னு நெனச்சேன்."

டீ டம்ளரை எடுத்து அவன் மேல் எறிந்தேன். அவன் சட்டையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். திருப்பி ஒரு அடி கொடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வீட்டில் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்து வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. "மோதல் தவிர்க்க இயலாத நேர்வுகளில், இருக்கையின் தாங்குதிறன் கருதி, பயனாளரின் வாகனம் மோதலை ஏற்கும் வாகனமாகத் தெரிவு செய்யப்படலாம்." கீழே சூ. மிக்கேல். அழகாகத்தான் போட்டிருந்தேன்.

சாலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மூன்று நாள் அலைந்தபின் ஒரு பொறியாளர் அம்மா என்னை உட்காரச் சொன்னார். தமயந்தி என்று பலகையில் இருந்தது. தலை நரைத்தவர். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"நீங்களே சொல்லுங்க. ரெண்டு வண்டி. ரெண்டுலயும் குழந்தை. ஒண்ணு அடி வாங்கியே ஆகணும். பலவீனமான இருக்கைல அடி விழுந்தா குழந்தை செத்துடும். பலமான இருக்கைல விழுந்தா பிழைச்சுக்கும். எந்தப் பக்கம் திருப்புவீங்க?"

நான் மேசை மேல் இருந்த கையை இழுத்துக்கொண்டேன்.

"இந்த ரோட்டுல மாசத்துக்கு மூணு கைக்குழந்தை செத்துட்டிருந்தது. இப்ப பதினாலு மாசமா ஒண்ணு கூட இல்ல. உங்க பொண்ணுக்கும் ஒண்ணும் ஆகலைல்ல?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிடத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. கப்பலில் நானும் இதைத்தான் செய்கிறேன். கண்ணாடிச் சாமான், மருந்து எல்லாம் நடுவில். இரும்புக் கட்டு போட்ட வலுத்த பெட்டியை ஓரத்தில், அலை அடிக்கிற பக்கத்தில் வைத்துக் கட்டுவேன். அது தாங்கும் என்பதால் அதற்கு அடி. ஒரு நாளும் அந்தப் பெட்டியைப் பார்த்து நான் பாவப்பட்டதில்லை. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் அதன் தாய் உட்கார்ந்திருப்பதில்லை.

"என் பெண்டாட்டிக்குத் தோள் எலும்பு ஒடிஞ்சிருக்கு மேடம். அது எந்தக் கணக்குல வருது?"

"முதல்ல குழந்தைங்க கணக்குதான் பார்க்கிறது."

"பெரியவங்க கணக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு இன்னும் இடம் போடலை. அடுத்த திருத்தத்துல சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கோம்."

"பணக்காரன் எல்லாம் எப்படி மேடம் வெள்ளை டப்பா வாங்குதான்?"

"அவங்களுக்கு வக்கீல் வாசிச்சுச் சொல்லிடறாங்க. சட்டப்படி தப்பில்லை. யாரு எதை வேணா வாங்கலாம்."

"அப்ப எனக்கும் அதையே குடுங்க."

"எல்லாரும் அதையே வாங்கிட்டா யாருங்க தாங்குறது?"

"உங்க வீட்டுல தாங்குங்க!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர் கையைக் காட்டி அவர்களைப் போகச் சொன்னார்.

"என் பேரனுக்கு நானே அஞ்சு ஸ்டார் வாங்கிக் குடுத்தேன்," என்றார். "நான் எழுதின விதி, நானே நம்பலைன்னா எப்படின்னு. அடுத்த வாரமே மருமக மாத்திட்டா. எங்கிட்ட சொல்லக்கூட இல்ல." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "உங்க இருக்கை கடன்ல இருக்கு. கடன் முழுசும் தீர்ந்தாத்தான் பதிவை எடுக்க முடியும். தீர்த்துட்டு வாங்க, அன்னைக்கே இலவசத்துக்கு மாத்தித் தாரேன்."

நேராகக் கடைக்குப் போனேன். கிஷோரின் சட்டையைப் பிடித்தேன். பெயர் குத்தியிருந்த தகடு தெறித்து விழுந்தது.

"ஏல, தெரிஞ்சேதான வித்த?"

"விடுங்க அண்ணாச்சி. நான் வாசிக்க வேண்டாம்னா சொன்னேன்? நேரம் ஆகும்னுதான் சொன்னேன்."

"எத்தனை பேருக்கு வித்திருக்க?"

"கைநாட்டு வைக்கிறவங்க ஒருத்தர் கூட வாங்கினதில்ல. வாசிச்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. கார் வச்சிருக்கவங்க கண்ணாடிக்குள்ள திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல." மூச்சு வாங்கினான். "உங்களை மாதிரி ஆளுங்களை வச்சுத்தான் அண்ணாச்சி எங்களுக்கு டார்கெட்டே முடியுது."

பிடித்த கையை விட்டேன். அடித்தால் போலீஸ், போலீஸ் என்றால் வேலை போகும், வேலை போனால் தவணை. அதையெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். இரக்கப்பட்டு விடவில்லை.

அன்று பிரகாசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிள்ளை அவள் காலில் கிடந்தது.

"அப்ப சீட்டு பிள்ளையைக் காப்பாத்தும். அதுல ஒண்ணும் பொய் இல்லல்லா?"

"பிள்ளையைக் காப்பாத்தும். உன்னைக் காப்பாத்தாதுட்டி. நான் வேற சீட்டுக்கு மாத்துதேன். கடனை அடச்சுட்டா மாத்தலாம்."

"மாத்துனா, வேற யாரு பிள்ளை மேலயாவது போயி மோதுமே."

"மோதட்டும்."

அப்படித்தான் சொன்னேன். மாற்றி எழுத மாட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சங்கிலியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். முப்பத்திரண்டாயிரம் கிடைத்தது. அதைக் கடனில் கட்டினேன். மீதிக்கு இரட்டை ஷிப்ட் எழுதிக் கொடுத்தேன். சங்கத்திலும் கடன் கேட்டு வைத்தேன். எப்படியும் கிறிஸ்துமஸுக்குள் அடைத்துவிடலாம் என்று பட்டது. பிள்ளையின் ஆபரேஷனும் அந்தச் சமயத்தில்தான்.

நான்காம் மாதம் நான்குவழிச் சாலையே வேண்டாம் என்று, மீன் ஏற்றுகிற ஆட்டோ ஒன்றைப் பேசி, ஏரல் வழியாகப் பழைய ரோட்டில் கூட்டிப்போனேன். பழைய ரோட்டை இப்போது யாரும் பார்ப்பதில்லை. குழியில் விழுந்து எழுந்து ஏழு மணி நேரம். ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டும்போது பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. பாளையங்கோட்டையில் டாக்டர் என்னை வாசலில் நிற்க வைத்துத் திட்டினார். "இதயம் வீக்கா இருக்க பிள்ளையை மீன் வண்டில கொண்டு வாரீரு. நல்ல சீட்டு வச்சிருக்கீர்னு ரெக்கார்டுல இருக்கு. அதுக்கு அப்புறம் எதுக்குவே இந்தக் கூத்து? இன்னொரு தடவை இப்படி வந்தா பிள்ளை ஊர் போய்ச் சேராது."

ஐந்தாம் மாதத் தேதி வந்தபோது காற்றாலை இறக்கை ஏற்றுகிற கப்பல் நின்றுகொண்டிருந்தது. பதினொரு நாள் தொடர்ந்து இரட்டைச் சம்பளம். ஒரு நாள் விட்டாலும் பெயரை எடுத்துவிடுவார்கள். தேதியைத் தள்ளி வைக்கலாம் என்றேன். அதற்கு முந்தின நாளே பிள்ளை இரண்டு தடவை மூச்சுக்குத் திணறியிருந்தது.

காலையில் பிரகாசி பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தோள் இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை, இடது கையாலேயே எல்லாவற்றையும் மடித்தாள்.

"நான் வாரேன்," என்றேன்.

"நீரு வந்து? லாரியத் தள்ளி விடுவீரா?"

"நீ இரு. நான் பிள்ளை பக்கத்துல உக்காருதேன்."

"உக்காந்து பால் குடுப்பீரா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா குடிக்குது." பையை மூடினாள். "நீரு போயி கடனை அடைக்கிற வழியப் பாரும்."

"ஏட்டி, தெரிஞ்சே போறியே."

"நீரு கையெழுத்துப் போட்டீரு. நான் போயி உக்காருதேன். இதுல சண்டை போட என்ன இருக்கு?"

நான் பாத்திரத்தை உதைத்தேன். என்னென்னவோ சொன்னேன். வாசலில் தானோடி வந்து நின்றது. அவள் இருக்கையை மாட்டினாள். கொக்கி சரியாக விழுந்ததா என்று நான் குனிந்து இழுத்துப் பார்த்தேன், நாடாவை ஒரு பல் இறுக்கினேன். அவள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன். வண்டிக்காரக் கம்பெனி கொடுத்த பெல்ட், சாதாரணம். கதவு தானாக மூடிக்கொண்டது. போயிட்டு வாரேன் என்று அவளும் சொல்லவில்லை, பாத்துப் போ என்று நானும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குக் கப்பல் தளத்தில் இருந்தேன். எழுபது மீட்டர் இறக்கை. அந்த முனையில் வேம்படி, இந்த முனையில் நான். டம்ளர் எறிந்ததிலிருந்து அவனும் நானும் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசுவதில்லை. இறுக்கு, போதும், விடு, அவ்வளவுதான். கடைசிப் பெல்ட்டை இறுக்கும்போது பையில் போன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

அன்பார்ந்த வாடிக்கையாளர் சூசைமிக்கேல் அவர்களுக்கு என்று இருந்தது. வெயிலுக்குக் கையை வைத்து மறைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன்.

"உங்கள் ஐந்து நட்சத்திர இருக்கை இன்று காலை 9.12 மணிக்குத் தன் முழுத் தாங்குதிறனையும் பயன்படுத்தித் தன் பணியை நிறைவு செய்துள்ளது. குழந்தை நலம். இத்தகைய நேர்வில், ஒப்பந்தத்தின் பதின்மூன்றாம் பக்கப்படி, உங்கள் கடன் மீதம் ரூபாய் 1,21,920 முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது. நீங்கள் இனி எதுவும் செலுத்த வேண்டியதில்லை."

பிரகாசிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் நின்றது.

செய்தியைத் திரும்பத் திறந்து மேலிருந்து வாசித்தேன். அவள் பெயருக்கு நான்கு எழுத்து. நடுவில் எங்காவது இருக்கும், அவசரத்தில் விட்டிருப்பேன் என்று, விரலை வைத்து வரி வரியாகத் தேடினேன். குழந்தை நலம் என்று இருந்த இடத்தில் ஒரு தடவைக்கு நான்கு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு புள்ளி. புள்ளிக்கு அப்புறம் கடன் கணக்கு வந்துவிட்டது.

என் முனையில் பெல்ட் தளர்ந்து தொங்கியது. அந்த முனையிலிருந்து வேம்படி சத்தம் போட்டான். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, இறக்கையை ஒட்டி நடந்து வந்து பக்கத்தில் நின்றான். போனை அவன் முன்னால் நீட்டினேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அப்போது எனக்கு நினைவில்லை.

"என்னவே போட்டிருக்கு? சொல்லும்," என்றான்.

"கடன் தீந்துட்டுவே," என்றேன்.